கல்லில் வெட்டிய மானியமும் ஏட்டில் எழுதும் மானியமும்

கலைகள் தாமே வாழ்வன அல்ல. வாழ்விப்பார் உளராயின் வாழ்வன. பாடுவோனும் ஆடுவோளும், சிற்பியும் புலவனும் தத்தம் தொழிலில் தேர்ச்சி எய்துதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்; அவ்வாண்டுகளில் அவர்தம் வீட்டில் உலை ஏறவும் வேண்டும். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நாம் இன்றளவும் போற்றுகின்றோம். எனினும், அத்தேரின்மேற் படர்ந்த கொடிக்கு அடுத்த கோடையில் நீர் வார்த்தவர் யார் என்று நம்மில் எவரும் கேட்டதில்லை. கலைக்குக் கொடை அளிப்பது ஒன்று. கொடையை நிலைபெறச் செய்வது மற்றொன்று. முன்னது வள்ளன்மை, பின்னது ஏற்பாடு.

நாடு விடுதலையுற்ற பின், கலைகளைப் போஷிக்கும் கடமையை நம் மத்திய சர்க்கார் தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. பொதுமக்கள் செலுத்தும் வரிப்பணத்திலிருந்து சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் இலக்கியத்துக்கும் ஓவியத்துக்கும் ஆண்டுதோறும் பொருள் ஒதுக்கப்பட்டு வருகின்றது. அப்பொருள் யாருக்குச் செல்கின்றது, அதனை யார் தேர்ந்து அளிக்கின்றனர், அது எத்தனை காலம் நீடிக்கும் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் ஆராயக் கருதுகின்றோம். நம் முன்னோர் இம்மூன்றுக்கும் ஒருவகை விடை கண்டிருந்தனர். ஆதலின் அங்கிருந்தே தொடங்குதல் பொருத்தமாம்.

கல்வெட்டு மானியம்

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் முதலாம் இராசராச சோழன் பொறித்த நீண்ட கல்வெட்டு ஒன்று உளது. அவனது ஆட்சியின் 29-ஆம் ஆண்டளவில், அதாவது 1014-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் அமைந்த ஏற்பாடுகளை அது உரைக்கின்றது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் ஆடல்வல்ல பெண்டிர் 400 பேர் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டுத் தளிச்சேரித் தெருக்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவர் பெயரும், அவர் எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவருக்கு உரியது என்பதும் அதில் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு; பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவருக்குத் தலைக்கு இரண்டு பங்கு. பாடுவோர், குழல் ஊதுவோர், முழவு கொட்டுவோர் என்று பிறர்க்கும் அவரவர் தொழிலுக்கேற்பப் பங்குகள் வகுக்கப்பட்டன. அவ்வளவோடு நிற்கவில்லை. தச்சர், கன்னார், குயவர், தையற்காரர், வண்ணத்தார், கணக்கர் ஆகியோரும் அதே பட்டியலில் இடம் பெற்றனர். ஆடலரங்கு ஒன்று நடைபெற எத்தனை கைகள் வேண்டும் என்பதை அவ்வேந்தன் நன்கு அறிந்திருந்தான் என்க.

திருப்பதியம் பாட 48 பிடாரரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக 50 பேருக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல் அளக்கவும் அங்கே தனி ஏற்பாடு காண்கின்றோம்.

இவற்றினும் சிறந்த ஒரு விதி அக்கல்வெட்டில் உண்டு. பங்கு பெறுவார் ஒருவர் இறந்துபட்டாலும் நாடு கடந்து சென்றாலும், அவர்க்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்தல் வேண்டும். அம்முறையினர் தொழிலுக்குத் தகுதியற்றவராயின், தகுதியுடைய பிறரைத் தேர்ந்து நிறுத்தல் வேண்டும். அரசன் மாறினும் பங்கு மாறாது. ஆள் மறைந்தாலும் இடம் வெற்றிடமாகாது. நெல் விளையும் நிலம் உள்ளவரை கலைக்கு உணவு உண்டு.

ஆயினும், இவ்வேற்பாட்டின் குறையையும் மறைத்தல் தகாது. தேர்ந்தவன் அரசன், அவன் ஆணையால் வந்தவர்க்கு மறுத்துரைக்க இடமிருந்ததா என்பதைக் கல் கூறவில்லை. பங்கு பிறப்பின் வழியே இறங்கியமையால், காலப்போக்கில் கலையே சில குடிகளின் கட்டாயமாயிற்று. பிறர்க்கு அக்கலை எட்டாததாயிற்று. பெண்டிரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் பிற்காலத்தில் எத்தகைய இழிவுக்கு அவரை ஆளாக்கிற்று என்பது யாவரும் அறிந்ததே. நிலைபேறு என்னும் நன்மையும், கட்டு என்னும் தீமையும் ஒரே கல்லில் வெட்டப்பட்டிருந்தன.

இடைக்காலம்

சோழர்க்குப் பின்னர் நாயக்கரும் மராட்டியரும் தஞ்சையில் அவ்வழியைத் தொடர்ந்தனர். 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜியின் அவை சங்கீதத்துக்கும் நாட்டியத்துக்கும் தாயகமாய் விளங்கியது. 1855-இல் தஞ்சை அரசு பிரிட்டிஷார் வசமாயிற்று. அவை கலைந்தது, வித்துவான்கள் மைசூருக்கும் திருவிதாங்கூருக்கும் புதுக்கோட்டைக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் பிரிந்து சென்றனர். நாட்டை ஆண்ட கும்பினியாரும் அவர்க்குப் பின் வந்த ஆங்கில அரசாங்கத்தாரும் சாலையும் இருப்புப்பாதையும் அமைத்தனர். ஆனால் வீணை வாசிப்பவனுக்கு வாழ்வளித்தல் தம் கடமையென அவர்கள் எண்ணினாரில்லை. சமஸ்தானங்களும் ஜமீன்களும், பின்னர்ப் பட்டணத்துச் சபைகளும் அக்கடமையை ஒருவாறு தாங்கின. சென்னைச் சங்கீத வித்வத் சபை 1928-இலும், தமிழிசைச் சங்கம் 1943-இலும் தோன்றியவை.

இதற்கிடையே கட்டு அறுபடலாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1929-இல் சென்னைச் சட்டசபை நிறைவேற்றிய சட்டம், கோயில் ஊழியம் செய்தாலன்றி நிலம் இல்லை என்னும் நிபந்தனையிலிருந்து தேவதாசியரின் மானிய நிலங்களை விடுவித்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலையே விலக்கியது. இவை செய்யத்தக்க நற்செயல்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், கட்டு நீங்கிய அன்றே கலைக்குரிய சோறும் நீங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சமஸ்தானங்களும் இந்திய யூனியனோடு இணைந்தன. கலைஞன் வாசலில் நின்று பாடுதற்குரிய அரண்மனை ஒன்றேனும் எஞ்சவில்லை.

குடியரசின் ஏற்பாடு

இந்நிலை வரும் என்பதை அறிஞர் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். விடுதலைக்கு முன்பே, 1944-45 ஆண்டுகளில், வங்காள ஆசியக் கழகத்தார் தேசியப் பண்பாட்டு அறக்கட்டளை ஒன்றை நிறுவி, அதன்கீழ் இலக்கியத்துக்கு ஒன்றும், ஓவியம் சிற்பம் முதலியவற்றுக்கு ஒன்றும், ஆடல் பாடல் நாடகங்களுக்கு ஒன்றுமாக மூன்று அகாதெமிகள் அமைத்தல் வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தனர். விடுதலைக்குப் பின் அறிஞர் மாநாடுகள் கூடி ஆராய்ந்தன. அதன் பயனாகக் கல்வி அமைச்சகத்தின் 1952 மே 31 தீர்மானத்தால் சங்கீத நாடக அகாதெமி உருவாகி, 1953 ஜனவரி 28-இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாதால் தொடங்கப்பெற்றது. 1954 மார்ச்சு 12-இல் சாகித்திய அகாதெமியும், அதே ஆண்டு ஆகஸ்டு 5-இல் லலித கலா அகாதெமியும் தொடங்கின.

அந்நாளில் கல்வி அமைச்சராயிருந்த மௌலானா அபுல் கலாம் ஆஸாத், குடியாட்சியில் கலைகள் மக்களிடமிருந்தே ஊட்டம் பெறுதல் கூடும் என்றும், மக்கள் விருப்பத்தின் வடிவமாகிய அரசு ஆதலின் கலைகளைப் பேணுதலைத் தன் முதற்கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்றும் விளக்கினார். அரசன் அளித்தது அருள். குடியரசு அளிப்பது கடன். அருளைப் பெறுபவன் தலை வணங்குகின்றான். கடனைப் பெறுபவன் கணக்குக் கேட்கவும் உரிமையுடையவன். இவ்வேறுபாட்டைக் கலைஞரும் நன்கு உணர்ந்தாரல்லர். அதிகாரிகளும் உணர்ந்தாரல்லர் என்பதே நம் எண்ணம்.

இவ்வேற்பாட்டில் நம் சென்னை நகரத்துப் பெரியோர்க்கு முதன்மை கிடைத்தமை நினைவிற்கொள்ளத்தக்கது. சங்கீத நாடக அகாதெமியின் முதல் தலைவர் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியும் நாடகாசிரியருமான பி. வி. இராஜமன்னார். லலித கலா அகாதெமியின் முதல் தலைவர், சென்னை ஓவியக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்து, மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் படைத்த தேவிபிரசாத் ராய் சௌதுரி. 1952-ஆம் ஆண்டுக்குரிய சங்கீத விருது பெற்றோருள் அரியக்குடி இராமாநுஜ ஐயங்காரும் காரைக்குடி சாம்பசிவ ஐயரும் இருந்தனர். 1955-இல் நாட்டியத்துக்கான விருது தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார்க்கு அளிக்கப்பெற்றது. தஞ்சை அரசவையில் ஆடிப்பாடிய முன்னோர் வழியில் வந்தவர் அவர். அக்கலையை இழிவென்று பலர் ஒதுக்கிய காலத்திலும் ஆடலைக் கைவிடாதவர். அவர்க்குக் குடியரசு அளித்த விருதில், கட்டின்றிப் பெற்ற மதிப்பு அடங்கியிருந்தது. பிறப்பால் வருவதன்று, தேர்ச்சியால் வருவது என்று அரசாங்கமே கூறிய சொல் அது. கல்வெட்டு மானியத்தினும் குடியரசின் மானியம் உயர்ந்து நின்ற இடம் இதுவே.

தேர்வோர் யார்?

பொருள் அரசாங்கத்துடையது, தேர்வு கலையறிந்தாருடையது. இதுவே அகாதெமிகளின் அடிப்படை. 1946-இல் பிரிட்டனில் பொருளியல் அறிஞர் கெயின்ஸின் முயற்சியால் அமைந்த கலை மன்றமும் இவ்வடிப்படையிலேயே எழுந்தது. சாகித்திய அகாதெமியின் முதல் தலைவராகப் பிரதம மந்திரி நேருவே இருந்தார். அவர் நகைச்சுவையுடன் கூறியது பலரும் எடுத்துரைப்பது: அகாதெமித் தலைவர் என்னும் முறையில், தம் வேலையில் பிரதம மந்திரி தலையிடுவதைத் தாம் விரும்பமாட்டார் என்பதே அது. நகையாயினும் அதன் உட்பொருள் ஆழமுடையது.

ஆயினும் எல்லா இடத்தும் அவ்வுட்பொருள் காக்கப்பட்டதில்லை. சாகித்திய அகாதெமியின் தலைவரை அதன் பொதுக்குழுவே தேர்ந்தெடுக்கின்றது. சங்கீத நாடக அகாதெமியின் தலைவரையோ குடியரசுத் தலைவர் பெயரால் அரசாங்கம் நியமிக்கின்றது. 2015-இல் லலித கலா அகாதெமியின் நிருவாகத்தை மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் தன் கையில் எடுத்துக்கொண்டது. நிருவாகச் சீர்கேட்டைத் திருத்தவே என்பது அரசாங்கத்தின் கூற்று. தன்னாட்சி போயிற்று என்பது கலைஞர் பலரின் கூற்று. இவ்வழக்குப் புதியதன்று. 1964-இல் பாபா குழுவும், 1970-இல் நியமனமாகி 1972-இல் அறிக்கை தந்த கோஸ்லா குழுவும், 1988-இல் நியமனமாகி 1990-இல் அறிக்கை தந்த ஹக்ஸர் குழுவும் இவ்வகாதெமிகளை ஆராய்ந்தன. கணக்குக் கேட்கும் உரிமை எங்கே முடிகின்றது, கட்டளையிடும் ஆசை எங்கே தொடங்குகின்றது என்பதே ஒவ்வொரு முறையும் எழுந்த வினா.

கட்டளையால் கலையை வளர்க்க முயன்றால் யாது விளையும் என்பதற்கு வானொலியே சான்று. 1952-இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சாஸ்திரீய சங்கீதத்தில் மிக்க பற்றுடையவர். அவர் காலத்தில் 1952-இல் தொடங்கிய தேசிய சங்கீத நிகழ்ச்சி, வடநாட்டு வித்துவானைத் தென்னாட்டாரும், தென்னாட்டு வித்துவானை வடநாட்டாரும் வீட்டிலிருந்தபடியே கேட்கச் செய்தது. சமஸ்தானங்களை இழந்த வித்துவான்கள் பலர்க்கு வானொலி நிலையங்கள் ஊதியம் அளித்தன. இதுகாறும் நன்று. ஆனால் அவரே சினிமாப் பாடல்களை வானொலியிலிருந்து பெரும்பாலும் விலக்கினார். நேயர்கள் திருந்தினரா? இல்லை, இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பினர். 1957 அக்டோபரில் விவித பாரதி தோன்றி அப்பாடல்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. அரசாங்கம் பாடுவோனுக்குச் சோறிடலாம். கேட்போன் செவிக்குப் பூட்டிடல் இயலாது. நல்லதை அளித்தல் பயன் தந்தது. மற்றதைத் தடுத்தல் பயனற்றுப் போயிற்று.

சாவா மூவாப் பேராடு

இனி நிலைபேறு என்னும் மூன்றாம் வினாவுக்கு வருவோம். சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகள் அளிப்பது வழக்கம். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். பழைய ஆடு மடியப் புதிய ஆடு ஈனப்படும், தொகை குறையாது. ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். மூலதனத்தைத் தொடாமல் அதன் பயனைக் கொண்டே அறம் நடத்தும் நுட்பத்தை நம்மவர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

நம் குடியரசும் இம்முறையை ஒருகால் கையாண்டது. 1985-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடெங்கும் ஏழு மண்டலப் பண்பாட்டு மையங்கள் நிறுவப்பட்டன. தென்மண்டலத்துக்குரியது 1986-இல் தஞ்சையில் அமைந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் மத்திய அரசாங்கம் 5 கோடி ரூபாயும், அதில் சேர்ந்த மாநிலங்கள் தத்தம் பங்கும் மூலதனமாக அளித்தன; வட்டியைக் கொண்டு நாட்டார் கலைகளையும் பிற கலைகளையும் பேணுதல் நோக்கம். 1996-இல் தேசியப் பண்பாட்டு நிதியம் 19.5 கோடி ரூபாய் மூலதனத்துடன் அமைந்தது. நல்ல தொடக்கமே. ஆனால் ஆடு குட்டி ஈனும். ரூபாயோ விலைவாசி ஏற ஏற மெலியும். அவ்வப்போது மூலதனத்தைப் பெருக்காவிடின், விளக்கு எரியும், ஒளி குன்றும்.

எஞ்சியவை யாவும் ஆண்டு மானியமே. மார்ச்சு மாதம் முடிந்தால் கணக்கு முடியும். அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்பது நிதி அமைச்சகத்தின் கையில். 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசாங்கத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 50.65 லட்சம் கோடி ரூபாய். பண்பாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 3,360 கோடி. நூறு ரூபாயில் ஏழு காசு என்க. அவ்வேழு காசிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குச் செல்கின்றது. பழங்கோயில்களைக் காத்தல் கடனே. எனினும், கோயிலின் கல்லைக் காக்கும் அளவுக்கு அக்கோயிலில் நாகசுரம் வாசிப்பவனைக் காக்கின்றோமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாகித்திய அகாதெமியின் பரிசு 1955-இல் 5,000 ரூபாய். அவ்வாண்டு தமிழுக்கு ரா. பி. சேதுப்பிள்ளையின் தமிழின்பம் அதனைப் பெற்றது. 2009 முதல் அது 1,00,000 ரூபாய். பரிசு பெறுவோர் மொழிக்கு ஆண்டில் ஒருவரே. பரிசு புகழைத் தரும். பயிற்சிக்காலத்துப் பசியைத் தீர்க்காது.

ஆண்டுதோறும் இடையறாது கிடைத்த ஆதரவு யாது செய்யும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கல்வி மந்திரியாயிருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் முயற்சியால் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அரசாங்க உதவியோடும் பெரியோர் நன்கொடையோடும், பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு, அக்கழகம் கலைக்களஞ்சியம் வெளியிட முற்பட்டது. முதல் தொகுதி 1954-இலும் பத்தாம் தொகுதி 1968-இலும் வெளிவந்தன. இருபது ஆண்டு உழைப்பு அது. இடையில் மந்திரி சபைகள் பல மாறின, கட்சியும் மாறிற்று, ஆயினும் வேலை நிற்கவில்லை. ஓராண்டு பார்த்து மறு ஆண்டு கைவிட்டிருந்தால், பாதித் தொகுதிகளே நமக்கு எஞ்சியிருக்கும் அன்றோ?

நம் கடன்

மேற்கூறியவற்றால் நாம் துணிவது இது. பங்கு பிறப்பால் அன்றித் தகுதியால் செல்லுதல் வேண்டும். அது குடியரசின் நெறி, அதனைக் கைவிடுதல் ஆகாது. தேர்வு கலையறிந்தார் கையில் இருத்தல் வேண்டும். அரசாங்கம் கணக்கு மட்டும் கேட்கட்டும். கொடை ஆண்டேட்டை நம்பி நில்லாது, மூலதனமாக நிலைத்தல் வேண்டும். அது சோழரின் நெறி, அதனை நாம் மீண்டும் கற்றல் வேண்டும். தஞ்சைக் கல்லில் தச்சனும் குயவனும் கணக்கனும் இடம் பெற்றதுபோல, மேடையில் தோன்றுவோர்க்கு மட்டுமன்றி, வீணை செய்வோனுக்கும் மிருதங்கத்துக்குத் தோல் கட்டுவோனுக்கும் அப்பங்கு செல்லுதல் வேண்டும்.

அரசாங்கத்தை நோக்கிக் கை நீட்டுவதோடு நம் கடன் தீராது. அறுபது வயது கடந்து, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படாத முதிய கலைஞர்க்கு மாதம் 6,000 ரூபாய் வரை உதவும் மத்தியத் திட்டம் ஒன்று உண்டு. அதன் பெயரையும் கேள்வியுறாத கூத்தரும் தவில்காரரும் நம் ஊர்களில் பலர். விண்ணப்பத்தை எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுத்தலும், சான்றுகளைத் தேடித் தருதலும், அலுவலகத்துக்கு உடன் செல்லுதலும் எளிய பணிகள். ஒவ்வோர் ஊர்ச் சங்கத்தாரும் தம் ஊரில் வாழும் முதிய கலைஞர் எவர் எவர் என்று, எக்குலத்தவராயினும், ஒரு பட்டியல் எழுதி வைத்தல் நலம். பெயரும் தெருவும் வீடும் குறித்து எழுதுதல் வேண்டும். இராசராசனின் அலுவலர் கல்லில் செய்த அவ்வேலையை நாம் காகிதத்திலேனும் செய்யலாகாதா? இப்பணியை அன்பர்கள் வரும் மாதத்திலேயே தொடங்குவாராக.